நிகழ்வெண் அட்டவணை: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

புள்ளியியல் பாடம் தொடங்கியதுமே பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. நடுவிலிருந்து படித்தாலும் பரவாயில்லை, முன்னால் சொன்னது தேவைப்படும் இடத்தில் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன். அட்டவணை போடும்போது எதை வைத்துக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பது பிடிபட்டுவிட்டால் பாதிச் சந்தேகம் தானாகப் போய்விடும்.

1. நிகழ்வெண் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு மதிப்பு எத்தனை தடவை வந்திருக்கிறது என்பதுதான் அதன் நிகழ்வெண். ஒரு பகடையை 30 தடவை உருட்டி, விழுந்ததை வரிசையாக எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4, 2, 6, 1, 3, 3, 5, 2, 4, 6, 1, 4, 5, 3, 2, 6, 4, 4, 1, 5, 3, 2, 4, 6, 5, 1, 3, 4, 2, 5. இதில் 4 என்பது 7 தடவை வந்திருக்கிறது. அப்படியானால் 4இன் நிகழ்வெண் 7. இதையே ஆறு எண்களுக்கும் செய்து எழுதினால் அட்டவணை தயார்.

| விழுந்த எண் | நிகழ்வெண் |
|---|---|
| 1 | 4 |
| 2 | 5 |
| 3 | 5 |
| 4 | 7 |
| 5 | 5 |
| 6 | 4 |
| மொத்தம் | 30 |

இந்த அட்டவணையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் வரும்.

2. எண்கள்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு அட்டவணை?

மேலே உள்ள 30 எண்களை மட்டும் பார்த்து, எது அதிகம் விழுந்தது என்று சட்டென்று சொல்ல முடிகிறதா? முடியாது. அட்டவணையில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். 30க்கே இப்படி என்றால் 3,000 எண்கள் இருந்தால் பட்டியலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

எண்ணி அடுக்கினால் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி என்ற அரபு அறிஞர், சங்கேத எழுத்தில் உள்ள ஒரு கடிதத்தைப் படிக்க இதே வழியைத்தான் எழுதி வைத்தார். கடிதத்தில் ஒவ்வொரு குறியும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும், அந்த மொழியின் சாதாரண எழுத்தில் எந்த எழுத்து அதிகம் வரும் என்று தனியாக எண்ண வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அவர் செய்யச் சொன்னது நம் பாடத்தில் இருக்கிற அதே வேலைதான்.

ஒன்றை இழக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு பகடையில் முதலில் விழுந்தது எது என்று சொல்ல முடியாது. வரிசை போய்விட்டது.

3. கோடு போட்டு எண்ணுவது சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கிறது. நேராக எண்ணி எழுதினால் மார்க் போய்விடுமா?

தேர்வில் நேர்க்கோட்டுக் குறிகள் கேட்டிருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காவிட்டாலும் நான் போடத்தான் சொல்வேன். முதலில் எல்லா 1களையும் தேடி எண்ணி, அப்புறம் எல்லா 2களையும் தேடி எண்ணினால், பகடைத் தரவை 6 தடவை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் போகும். நேர்க்கோட்டுக் குறி போட்டால் ஒரே தடவை படித்தால் போதும்: ஒரு எண்ணைப் படி, அந்த வரியில் ஒரு கோடு போடு, படித்த எண்ணைப் பென்சிலால் லேசாக அடி, அடுத்ததற்குப் போ.

ஐந்தாவது கோட்டை முந்தைய நான்கின் மேல் குறுக்காகப் போடுவது கடைசியில் ஐந்து ஐந்தாக எண்ணிவிடுவதற்காக. சீனாவிலும் ஜப்பானிலும் இதற்குப் பதிலாக ஐந்து கோடுகள் கொண்ட ஓர் எழுத்தை ஒவ்வொரு கோடாக எழுதி முடிப்பார்கள், எழுத்து முடிந்தால் ஐந்து. யோசனை ஒன்றேதான்.

4. ஒரு மதிப்பு வரவே இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், 0 என்று எழுதுங்கள். பகடையில் 6 ஒரு தடவைகூட விழவில்லை என்றால் அதுவே பெரிய செய்தி. வரியையே காணோம் என்றால், விழவில்லையா அல்லது நீங்கள் எழுத மறந்தீர்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. 0-10, 10-20 என்று பிரித்து எழுதும் பிரிவுகளுக்கும் (6ஆம் கேள்வி) இதே விதிதான். நடுவில் ஒரு பிரிவு காலியாக இருந்தால் அந்த இடைவெளி வரைபடத்திலும் தெரிய வேண்டும்.

ஆனால் 0 என்பது வேறு, தகவல் இல்லை என்பது வேறு. தேர்வுக்கு வராத மாணவருக்கு மதிப்பெண் 0 என்று எண்ணி அட்டவணையில் சேர்த்தால் சராசரி பொய் சொல்லும். அவர்களை எண்ணாமல், எத்தனை பேர் வரவில்லை என்று அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள்.

5. மொத்தம் 30 வர வேண்டும், எனக்கு 29 வருகிறது. எங்கே தப்பு?

முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். பிறகு குறிகளைத் திரும்ப எண்ணுங்கள். இரண்டும் சரி என்றால் தரவில் அடிக்காமல் விட்ட எண் ஒன்று இருக்கும், 3ஆம் கேள்வியில் சொன்னபடி பென்சிலால் அடித்திருந்தால் அது உடனே தெரிந்துவிடும். அடிக்காமல் செய்திருந்தால் முதலிலிருந்து திரும்பச் செய்வதே வேகமான வழி, 'எங்கோ ஒன்று விட்டுப்போச்சு' என்று ஏதாவது ஒரு வரியில் 1 கூட்டிவிடுவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று. மொத்தம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ஒரு 3ஐ 2இன் வரியில் போட்டிருந்தாலும் மொத்தம் 30தான் வரும். எண் விடுபட்டதையும் இரண்டு தடவை எண்ணியதையும்தான் மொத்தம் காட்டிக்கொடுக்கும், இடம் மாறிப் போட்டதைக் காட்டாது.

6. எப்போது ஒவ்வொரு எண்ணையும் தனியாக எழுதுவது, எப்போது 0-10, 10-20 என்று பிரிப்பது?

வேறு வேறு மதிப்புகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். பகடையில் ஆறுதான், தனித்தனியாகவே எழுதலாம். 25 மாணவர்கள் 50க்கு வாங்கிய மதிப்பெண்களைப் பாருங்கள்: 12, 37, 25, 41, 30, 8, 22, 35, 46, 19, 28, 33, 30, 15, 40, 27, 36, 24, 31, 49, 20, 38, 29, 17, 34. இதில் 30 மட்டும்தான் இரண்டு தடவை, மற்றதெல்லாம் ஒரு தடவை. தனித்தனியாக எழுதினால் 24 வரிகள் வரும், அதில் 23 வரிகளில் நிகழ்வெண் 1. அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. பிரித்துப் பாருங்கள்:

| மதிப்பெண் | நிகழ்வெண் |
|---|---|
| 0-10 | 1 |
| 10-20 | 4 |
| 20-30 | 7 |
| 30-40 | 9 |
| 40-50 | 4 |
| மொத்தம் | 25 |

இப்போது வகுப்பின் நிலைமை தெரிகிறது. பதிலுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டோம்: 30-40இல் 9 பேர் என்று தெரியும், அவர்கள் சரியாக எவ்வளவு வாங்கினார்கள் என்று அட்டவணைக்குத் தெரியாது. 13ஆம் கேள்வியில் இதன் விளைவு வரும்.

7. எத்தனை பிரிவு வைக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது?

நீங்கள்தான். முதலில் வீச்சைக் கண்டுபிடியுங்கள், அதாவது பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள்: 49 − 8 = 41. பிரிவின் அளவு 10 என்றால் ஐந்து பிரிவுகள் போதும். அளவை 5, 10, 20 மாதிரி வசதியான எண்ணாக வையுங்கள். 7, 13 என்று வைத்தால் எல்லைகளை நினைவில் வைப்பதே தனி வேலையாகிவிடும்.

ஸ்டர்ஜஸ் என்பவர் 1926இல் ஒரு வாய்பாடு சொன்னார்: மொத்தம் n எண்கள் இருந்தால் பிரிவுகளின் எண்ணிக்கை சுமார் 1 + 3.322 × log n (10 அடிமான மடக்கை). நம் 25க்கு அது 5.6 வரும். ஐந்தோ ஆறோ வைக்கலாம் என்று அர்த்தம், வழிகாட்டி மட்டும்தான், சட்டம் கிடையாது. நான் நம்புவது வேறு சோதனை: இரண்டு மூன்று அளவுகளில் போட்டுப் பாருங்கள். இதே மதிப்பெண்களை 25 அளவில் போட்டால் 8, 17 என்று இரண்டே வரி, ஒன்றும் தெரியாது. 5 அளவில் போட்டால், 5-10இல் தொடங்கி 1, 1, 3, 3, 4, 5, 4, 2, 2. நடுவில் ஏறி இறங்குவது தெரிகிறது, ஆனால் 25 பேருக்கு இத்தனை வரி கொஞ்சம் அதிகம். 10 அளவுதான் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

8. 20 மதிப்பெண் 10-20இலும் இருக்கிறது, 20-30இலும் இருக்கிறது. எதில் போடுவது?

20-30இல். மேல் எல்லை அந்தப் பிரிவில் சேராது, கீழ் எல்லை சேரும் என்பது பள்ளிப் பாடத்தில் வழக்கமான ஏற்பாடு. 10-20 என்றால் 10 உண்டு, 19.99 உண்டு, 20 கிடையாது. இரண்டிலும் போட்டால் மொத்தம் 26 ஆகிவிடும், எதிலும் போடாவிட்டால் 24. நம் தரவில் எல்லையிலேயே நிற்கும் எண்கள் நான்கு: 20, 30, 30, 40. மேலே உள்ள அட்டவணை இந்த விதிப்படி போட்டது.

9. அப்படியானால் 50க்கு 50 வாங்கியவர் எங்கே போவார்?

நல்ல கேள்வி. 40-50இல் 50 சேராது என்றால் அவருக்கு இடமே இல்லை. 50-60 என்று இன்னொரு பிரிவு சேர்ப்பது விதிப்படி சரி, ஆனால் 50க்கு மேல் யாரும் வாங்க முடியாத தேர்வில் அது பார்ப்பவரைக் குழப்பும். கடைசிப் பிரிவில் மட்டும் 50ஐயும் சேர்த்திருக்கிறேன் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுவது எனக்குப் பிடித்த வழி. தேர்வில் எழுதும்போது உங்கள் ஆசிரியர் சொன்ன முறையைப் பின்பற்றுங்கள்.

10. எங்கள் புத்தகத்தில் 1-10, 11-20 என்று இருக்கிறது. அது தப்பா?

தப்பில்லை, அது வேறு வகை. இரண்டு எல்லையும் உள்ளேயே சேரும், 8ஆம் கேள்விக் குழப்பமே வராது. முழு எண்களுக்கு நன்றாக வேலை செய்யும். 10.5 என்று ஒரு மதிப்பு வந்தால்தான் அதற்கு இடம் இல்லை.

நிகழ்வுச் செவ்வகம், அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செவ்வகமாக ஒட்டி ஒட்டி வரையும் படம், வரைய வேண்டும் என்றால் பிரிவுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அடைத்துவிட்டுத்தான் வரைய வேண்டும். 10க்கும் 11க்கும் நடுவில் 1 இடைவெளி. அதில் பாதி 0.5. கீழ் எல்லைகளிலிருந்து 0.5 கழித்து, மேல் எல்லைகளோடு 0.5 கூட்டினால் 0.5-10.5, 10.5-20.5 என்று ஒட்டிக்கொண்டு வரும். நிகழ்வெண்கள் மாறாது.

11. பகடைக் கணக்கில் முகடு 7 என்று எழுதினேன், தப்பு என்றார்கள். 7தானே பெரியது?

7 என்பது எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை. முகடு என்பது அதிகத் தடவை வந்த மதிப்பு, அதாவது 4. பகடையில் 7 என்ற எண்ணே கிடையாது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

12. பகடைக் கணக்கில் சராசரி 17.67 வருகிறது. வாய்பாட்டைச் சரியாகத்தான் போட்டேன்.

பகடையின் பெரிய எண்ணே 6. சராசரி அதைத் தாண்டவே முடியாது, அதனால் எங்கோ தப்பு என்பது பதிலிலேயே தெரிகிறது. மதிப்பையும் நிகழ்வெண்ணையும் பெருக்கிக் கூட்டியிருப்பீர்கள்: 4 + 10 + 15 + 28 + 25 + 24 = 106, இதுவரை சரி. பிறகு 6ஆல் வகுத்திருக்கிறீர்கள், ஏனென்றால் அட்டவணையில் ஆறு வரிகள் கண்ணில் படுகின்றன. வகுக்க வேண்டியது நிகழ்வெண்களின் மொத்தமான 30ஆல்: 106 ÷ 30 = 3.53.

இந்தக் குழப்பம் தீர ஒரு பழைய அட்டவணையைச் சொல்கிறேன். போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் 1898இல் வெளியிட்ட நூலில், பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு இருக்கிறது. அதில் 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகளை எடுத்து அடிக்கடி காட்டுவார்கள். ஒரு சாவும் இல்லாத பதிவுகள் 109, ஒரு சாவு 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. நிகழ்வெண்களைக் கூட்டினால் 200. அது பதிவுகளின் எண்ணிக்கை. இறந்தவர்கள் எத்தனை பேர்? பெருக்கிக் கூட்ட வேண்டும்: 0 + 65 + 44 + 9 + 4 = 122. சராசரி 122 ÷ 200 = 0.61. எது பதிவு, எது மதிப்பு என்று ஒவ்வொரு நிரலுக்கும் பெயர் சொல்லிப் பார்த்தால் எதை எதால் வகுப்பது என்ற சந்தேகமே வராது. 109 என்ற அந்தப் பெரிய வரி கூட்டுத்தொகைக்கு 0தான் தருகிறது, ஆனால் வகுக்கும்போது 109 முழுசாக உள்ளே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

13. பிரித்த அட்டவணையில் சராசரி கண்டுபிடிக்கச் சொன்னால் 5, 15, 25 என்று எங்கிருந்தோ எண்கள் வருகின்றனவே?

அவை ஒவ்வொரு பிரிவின் மைய மதிப்பு. 30-40இல் உள்ள 9 பேரின் உண்மையான மதிப்பெண் அட்டவணையில் இல்லை (6ஆம் கேள்வி), அதனால் அவர்கள் சராசரியாக நடுவில், 35இல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். கணக்கு: 5 + 60 + 175 + 315 + 180 = 735; 735 ÷ 25 = 29.4.

இங்கே மூல எண்களும் நம்மிடம் இருப்பதால் சரிபார்க்கலாம். 25 மதிப்பெண்களையும் கூட்டினால் 726, உண்மைச் சராசரி 29.04. வித்தியாசம் 0.36. யாரும் தப்புச் செய்யவில்லை, பிரித்ததற்குக் கொடுத்த விலை அவ்வளவு. மூலத் தரவு கையில் இருந்தால் சராசரியை அதிலிருந்தே கண்டுபிடியுங்கள், அட்டவணை மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வழி.

14. குவிவு நிகழ்வெண் எதற்கு? சும்மா கூட்டிக்கொண்டே போவதில் என்ன இருக்கிறது?

'30க்குக் கீழே எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு நேராகப் பதில் அதில்தான் இருக்கிறது. நம் மதிப்பெண் அட்டவணைக்கு 1, 5, 12, 21, 25. முப்பதுக்குக் கீழே 12 பேர். கடைசி எண் மொத்தத்துக்குச் சமமாக இல்லை என்றால் கூட்டலில் தப்பு.

இடைநிலை அளவுக்கும், அதாவது ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் மதிப்புக்கும், இதுதான் தேவை. 25 பேரில் நடு ஆள் 13ஆவது. 12 பேர் 30க்குள் முடிந்துவிட்டார்கள், ஆக 13ஆவது ஆள் 30-40இல் இருக்கிறார்.

15. பிடித்த நிறம் என்ன என்று கேட்டு எழுதினோம். இதற்குச் சராசரி எப்படி?

கிடையாது. சொற்களுக்கு அட்டவணை போடலாம், முகடு சொல்லலாம், சதவீதம் சொல்லலாம், அவ்வளவுதான். நிறங்களுக்கு ஏறுவரிசை இல்லாததால் குவிவு நிகழ்வெண்ணுக்கும் அர்த்தமில்லை.

16. சதவீதங்களைக் கூட்டினால் 99.9 வருகிறது. 0.1ஐ எங்கே சேர்ப்பது?

எங்கேயும் சேர்க்க வேண்டாம். மூன்று வரிகளும் சமம் என்றால் ஒவ்வொன்றும் 33.3, கூட்டினால் 99.9. இது முழுமையாக்கியதால் வந்தது என்று கீழே எழுதினால் போதும். 97 வந்தால் மட்டும் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

17. பிரிவுகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் செவ்வகம் எப்படி வரைவது?

முதல் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து 0-20 என்று எழுதினோம் என்று வையுங்கள், நிகழ்வெண் 5. அதை அப்படியே 5 உயரத்துக்கு வரைந்தால் அகலமும் இரண்டு மடங்கு என்பதால் 10 பேர் இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். நிகழ்வுச் செவ்வகத்தில் பேசுவது பரப்பளவு. அகலம் இரண்டு மடங்கானால் உயரத்தைப் பாதியாக்குங்கள், 2.5.

'40க்கு மேல்' என்று திறந்து கிடக்கும் பிரிவு இன்னும் வம்பு, அதற்கு மைய மதிப்பே இல்லை. சராசரி வேண்டுமென்றால் ஒரு மேல் எல்லையை அனுமானித்து, அனுமானம் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இடைநிலை அளவுக்கு மட்டும் பிரச்சினை இல்லை, 14ஆம் கேள்வியில் பார்த்தபடி நடு ஆள் 30-40இல்தான் இருக்கிறார், மேலே எவ்வளவு திறந்திருந்தால் என்ன.

18. வயது 10-14 என்ற பிரிவுக்கு மைய மதிப்பு 12ஆ, 12.5ஆ?

12.5. 10ஆம் கேள்வி முறையில் 9.5-14.5 என்று மாற்றி 12 சொல்பவர்கள் நிறைய. ஆனால் வயதை நாம் அருகில் உள்ள முழு எண்ணுக்குச் சொல்வதில்லை. 15ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை 14 என்றுதான் சொல்வோம். ஆகவே 10-14 என்பது உண்மையில் 10 முதல் 15 வரை, 15 சேராமல். உயரம், எடை மாதிரி அருகில் உள்ள முழு எண்ணுக்கு எழுதும் அளவுகளுக்கு 0.5 முறை சரி. எண் எப்படி எழுதப்பட்டது என்று கேட்காமல் வாய்பாட்டைப் போடக் கூடாது.

19. கையால் போட்டதும் கணினியில் போட்டதும் வேறு வேறாக வருகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். எக்செலில் நிகழ்வெண் எண்ணும் சார்பு, நாம் 8ஆம் கேள்வியில் சொன்னதற்கு நேர்மாறாக, மேல் எல்லையை உள்ளே சேர்க்கும். 20 என்ற மதிப்பெண் 10-20இல் விழும். நம் தரவை 10, 20, 30, 40, 50 என்ற எல்லைகளோடு கொடுத்தால் 1, 5, 8, 8, 3 வரும். கையால் போட்டது 1, 4, 7, 9, 4. எல்லையில் நின்ற அந்த நான்கு எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன, ஆனால் அதற்கே 30-40 மட்டும் உச்சம் என்பது போய், 20-30உம் 30-40உம் சமமாகிவிட்டன. பைத்தான் என்ற நிரல்மொழியில் நம்பை என்ற தொகுப்பின் நிகழ்வுச் செவ்வகச் சார்பு பள்ளி முறைப்படியே கீழ் எல்லையைச் சேர்க்கிறது, கடைசிப் பிரிவில் மட்டும் மேல் எல்லையையும் சேர்க்கிறது, அதாவது 9ஆம் கேள்வியில் நான் சொன்ன அதே ஏற்பாடு.

எக்செலில் பள்ளி முறை வேண்டும் என்றால், மதிப்பெண்கள் முழு எண்களாக இருக்கும்வரை, எல்லைகளை 9, 19, 29, 39, 50 என்று கொடுங்கள். 1, 4, 7, 9, 4 வந்துவிடும்.